பாட்டிலின் பின்பக்கத்தைக் காட்டுங்க சிஸ்

பியூட்டிஷியன்களின் ஆன்லைன் குரூப்பில் ஒருத்தர், கெரட்டின் என்ற முடியை நேராக்கும் ட்ரீட்மென்ட் செய்த முடியின் படத்தைப் போடுகிறார். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கீழே வரிசையாகக் கேள்வி: "என்ன ப்ராடக்ட் சிஸ்?" எல்லாருக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் வாங்க டியர்." இன்பாக்ஸில் விலை வரும், ஆஃபர் வரும், பாட்டிலின் முன்பக்கப் படம் வரும். பின்பக்கம் மட்டும் வரவே வராது.

பியூட்டிஷியன்களுக்குள் நம்பிக்கை வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்று நிறையப் பேசியாயிற்று. என்னைக் கேட்டால், அதையெல்லாம் ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஒருவர் பாட்டிலைத் திருப்பிக் காட்டுகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். கெரட்டினை வைத்தே சொல்கிறேன். சின்ன ஊர் பார்லர் வரை வந்துவிட்ட வேலை அது. அதில் மறைப்பதும் அதிகம்.

பெயரே கொஞ்சம் ஏமாற்றுதான். முடியை நேராக்குவது கெரட்டின் என்ற புரதம் இல்லை. அது பெயருக்கு இருக்கும். உண்மையில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைட், அல்லது கிளையாக்ஸிலிக் அமிலம் மாதிரி ஒன்று, கூடவே அயர்னின் சூடு.

2010-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரேசிலியன் ப்ளோஅவுட் என்ற ஸ்மூத்தனிங் செய்துவந்த சலூன் ஊழியர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு, மூக்கில் ரத்தம். பாட்டிலிலோ 'ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ' என்று அச்சடித்திருந்தது. போர்ட்லாண்டில் ஒரு ஹேர் ஸ்டைலிஸ்ட் அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நஞ்சியல் மையத்துக்குப் புகார் போனது. பிறகு மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை சலூன்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தது. 'ஃப்ரீ' என்று போட்ட பாட்டில்களில் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் ஃபார்மால்டிஹைட் இருந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி 0.1 சதவீதம் இருந்தாலே எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2011 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அதைத் தயாரித்த கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012 ஜனவரியில் கலிபோர்னியா மாநில வழக்கு 6 லட்சம் டாலர் தொகையோடு உடன்பாட்டில் முடிந்தது. 'ஃப்ரீ' என்று விளம்பரம் செய்வதை நிறுத்த வேண்டும், எச்சரிக்கை போட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அந்தக் கம்பெனி சொன்ன சமாதானம் இருக்கிறதே, அதுதான் இன்றைக்கும் நம் ஊர் டீலர் வாயிலிருந்து வருகிறது: "இதில் இருப்பது மெத்திலீன் கிளைகால், ஃபார்மால்டிஹைட் வேறு." கொஞ்சம் வேதியியல் பார்ப்போம். ஃபார்மால்டிஹைட் ஒரு வாயு. தண்ணீரில் கரைத்தால் பெரும்பகுதி மெத்திலீன் கிளைகாலாக மாறி உட்கார்ந்திருக்கும். சோடா பாட்டிலுக்குள் வாயு அடங்கியிருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தாலே கொஞ்சம் வெளியே வரும், சூடுபடுத்தினால் மளமளவென்று வரும். ப்ளோ ட்ரையரும் அயர்னும் செய்வது அதைத்தான். அதனால் லேபிளில் மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின், மெத்தனால், மெத்தேன்டயால் என்று எது இருந்தாலும் ஃபார்மால்டிஹைட் என்றே படியுங்கள். (இந்த 'மெத்தனால்' ஆல்கஹால் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆங்கில எழுத்தில் கடைசிக்கு முந்தைய எழுத்து 'ஏ'யா, 'ஓ'வா என்று பாருங்கள். 'ஏ' என்றால் ஃபார்மால்டிஹைட்.) பெயரில் குழப்பம் வந்தால், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள்: 50-00-0, அல்லது 463-57-0.

ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. கஸ்டமர் வருஷத்துக்கு இரண்டு தடவை உட்காருவார். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் தினமும் நிற்கிறார்.

அந்த அறையையும் பாருங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே குளிராக்கிச் சுற்றவிடும். கஸ்டமருக்கு வியர்க்கக் கூடாதென்று கதவைச் சாத்தி, 230 டிகிரியில் ஒவ்வொரு லேயரையும் ஏழெட்டு முறை இழுத்தால், காலையில் முதல் ஆளின் தலையிலிருந்து கிளம்பிய ஆவியில் மிச்சம் மத்தியானம் வருகிறவர் மூக்குக்கும் போகும். சர்ஜிக்கல் மாஸ்க், என்95 இரண்டுமே தூசிக்கும் துளிக்கும்தான். வாயுவை அவை நிறுத்தாது. அதற்கு ஃபார்மால்டிஹைட் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும், வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வேண்டும். "எனக்கு இப்போ வாசனையே தெரியறதில்லை, நல்ல ப்ராடக்ட்" என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, நிஜமாகவே ஃபார்மால்டிஹைட் சேர்க்காதது என்றால்? அங்கேதான் கிளையாக்ஸிலிக் அமிலம் வருகிறது. 'நானோ', 'ஆர்கானிக்', 'கர்ப்பிணிகளுக்கும் சேஃப்' என்றெல்லாம் எழுதி விற்கிறார்கள். 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. 26 வயதுப் பெண். 2020 ஜூன், 2021 ஏப்ரல், 2022 ஜூலை என மூன்று முறை சலூனில் முடியை நேராக்கியிருக்கிறார். மூன்று முறையும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலியோடு சிறுநீரகம் பாதித்தது. செய்யும்போது தலை எரிந்திருக்கிறது, புண்ணும் வந்திருக்கிறது. அந்த க்ரீமில் கிளையாக்ஸிலிக் அமிலம் 10 சதவீதம். அதே க்ரீமை எலியின் தோலில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் என்ற உப்பின் படிகங்கள். ஆகவே 'தலை லேசா எரியும், நார்மல்தான்' என்று கஸ்டமரிடம் சொல்வதை விட்டுவிடுங்கள். எரிந்தால் உடனே அலசுங்கள். வேரிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவுங்கள். ஏற்கெனவே புண் இருக்கும் தலையைத் தொடவே வேண்டாம்.

பின்பக்கத்தில் என்ன பார்ப்பது? இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் நம்பர், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். 'பிரேசில்லேர்ந்து டைரக்ட்' என்று வரும் பாட்டிலில் அந்த எண் இல்லையென்றால், அது எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சேர்மானங்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாகத்தான் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குள் இருப்பவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். தண்ணீருக்கு அடுத்து இரண்டாவது, மூன்றாவது இடத்தில் கிளையாக்ஸிலிக் அமிலம் நின்றால் அது சும்மா பேருக்குச் சேர்த்ததில்லை. டீலரிடம் எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தாளையும் கேளுங்கள். 16 பிரிவு இருக்கும். இரண்டாவதில் ஆபத்து, மூன்றாவதில் சேர்மானம். தர முடியாது என்றால் ஆர்டரும் தர முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

லேபிளே இல்லாத சரக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே, கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஓர் உள்வகை. அந்த 15-இல் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். குற்றவாளி அந்த க்ரீமில் இருந்த பாதரசம். இப்படிப்பட்ட சரக்கைப் பிடிக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனைகள் நடத்தியிருக்கிறது.

காலி பாட்டிலையும் கவனியுங்கள். நல்ல பிராண்டின் காலி பாட்டில் பழைய சாமான் கடைக்குப் போய், நிரம்பித் திரும்பி வரும். தூக்கிப்போடும் முன் கத்தியால் கீறிவிடுங்கள்.

பிஃபோர்-ஆஃப்டர் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அயர்ன் போட்ட அன்றைக்கு எந்த முடியும் அழகுதான். மூன்றாவது வாஷுக்குப் பிறகு, சீரம் போடாமல், காற்றில் காய்ந்த முடியை, முதல் படம் எடுத்த அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். அதுதான் ரிசல்ட். ட்யூப்லைட்டில் பிஃபோர், ரிங் லைட்டில் ஆஃப்டர் போடுவது நமக்குள்ளேயே நாம் செய்துகொள்ளும் கோமாளித்தனம்.

காசு விஷயம்தான் எல்லாரும் நழுவும் இடம். ட்ரெயினர் ஒரு பிராண்டைச் சிபாரிசு செய்கிறார். அவருக்கு இலவசப் பாட்டில் வந்ததா, கமிஷன் உண்டா, அவரே அந்த ஏரியா டீலரா? இதைச் சொல்வது பெருந்தன்மை இல்லை, கடமை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லியிருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. கமிஷன் வாங்குவது தப்பே இல்லை. "பாட்டிலுக்கு எனக்கு இவ்வளவு வரும், அதையும் மனசில் வைத்து நான் சொல்வதை எடுத்துக்கோங்க" என்று முதல் வரியிலேயே எழுதுகிறவர் சொல்வதைத்தான் நான் முழுசாகப் படிப்பேன்.

இதைவிட முக்கியம், கெட்டுப்போன வேலையைப் பற்றி எழுதுவது. அதை எழுதினால் "ஏன் சிஸ் பிராண்டை டேமேஜ் பண்றீங்க" என்று வருவார்கள். ராத்திரிக்குள் பதிவு காணாமல் போகும். ஆனால் எழுதுகிறவரும் பாதிதான் எழுதுகிறார். 'முடி பிய்ஞ்சு போச்சு, ப்ராடக்ட் வேஸ்ட்' என்பது 'சூப்பர் ரிசல்ட்' என்பதைப் போலவே யாருக்கும் பயன்படாது. முடியின் முன்கதை வேண்டும். முன்பு செய்தது தயோ ஸ்ட்ரெய்ட்டனிங்கா, சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்சரா? இரண்டும் முடியை நேராக்கும் வேறு வேறு கெமிக்கல் முறைகள், ஒரே முடியில் சேரக் கூடாது. ப்ளீச் ஆகியிருந்தால் அதில் கலந்த டெவலப்பர், அதாவது பெராக்ஸைடு, 20 வால்யூமா, அதாவது 6 சதவீதமா, இல்லை 40 வால்யூமா, அதாவது 12 சதவீதமா? மருதாணி போட்டாரா, போட்டது வெறும் இலையா, உலோக உப்பு கலந்த கறுப்புப் பவுடரா?

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கஸ்டமருக்கே பதில் தெரியாது. முடியைத்தான் கேட்க வேண்டும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் பெராக்ஸைடு 30 மில்லி, 28 சதவீத அமோனியா 20 சொட்டு, அதில் இருபது முடி இழை, 30 நிமிஷம். நுரைத்தாலோ, கிண்ணம் சூடானாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ உலோகம் இருக்கிறது. கலர், ப்ளீச் எதுவும் வேண்டாம்.

பிறகு ப்ராடக்ட்டின் முழுப்பெயர், பேட்ச் நம்பர், எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், அயர்ன் எத்தனை டிகிரி, எத்தனை இழுப்பு, பேட்ச் டெஸ்ட் எப்போது. (தமிழில் இரண்டும் பேட்ச்தான். ஒன்று பாட்டிலில் இருக்கும் தயாரிப்பு எண், ஒன்று முன்கூட்டியே தோலில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது. பலர் இரண்டையுமே பார்ப்பதில்லை.) அதே பேட்ச் நம்பரில் வேறு ஊரிலும் ஒருவருக்குத் தலையில் புண் வந்திருந்தால், கை தப்பா பாட்டில் தப்பா என்ற சண்டை அங்கேயே பாதி முடியும்.

கெரட்டின் செய்து இரண்டு மூன்று நாளில் கஸ்டமர் வாந்தி, முதுகுவலி என்று போன் செய்தால், "சாப்பாடு ஒத்துக்கலையோ என்னவோக்கா" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்பார். தலையில் என்ன போட்டீர்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம். பாட்டிலின் பின்பக்கத்தை, சேர்மானமும் பேட்ச் நம்பரும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து, செய்த தேதியோடு அந்த அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.