அமெரிக்காவில் அப்படியொரு தடை இல்லைங்க

ஈரோட்டில் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் செய்தி: “வன்முறை வீடியோ கேமைச் சிறுவர்களுக்கு விற்பது அமெரிக்காவில் குற்றம், உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.”

நடந்தது நேர் எதிருங்க. கலிபோர்னியா 2005-இல் அப்படிச் சட்டம் போட்டது உண்மை; அபராதம் 1,000 டாலர் வரை. அது அமலுக்கே வரவில்லை. 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. புத்தகம், நாடகம், சினிமாவைப் போல கேமுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று எழுதினார் நீதிபதி ஸ்காலியா.

டப்பாவின் முன்பக்கக் கீழ் மூலையில் இருக்கும் ‘எம்’ முத்திரை, 17 வயதும் அதற்கு மேலும் என்று பொருள்படும். 1994 முதல் கேம் தொழில்துறையே நடத்தும் ஏற்பாடு, சட்டமல்ல. சட்டம் இருப்பது பிரிட்டனில், ஜெர்மனியில்.

பையன் கேம் கேட்டால் அந்த மூலையைப் பாருங்க, கடைக்காரர் தடுப்பார் என்று இருந்துவிடாதீங்க.