சீட்டு வந்தது, விவரம் வரவில்லை

"படிக்காத மக்கள்தான் வாட்ஸ்அப் வதந்தியை நம்புகிறார்கள்" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு லேசாகச் சொல்லிவிடாதீர்கள் சார்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது நான் தங்கச்சிமடத்தில் இருந்தேன். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சீட்டில் மூன்றே வரி. எதுக்கு ஊசி என்று ஒன்றுமில்லை. அன்று ராத்திரியே ஒரு ஆடியோ: 'பின்னாடி பிள்ளை பிறக்காமப் போயிரும்.' எங்க ஊர்ப் பேச்சு, அழுகிற குரல். பள்ளியில் கேட்டால், "இஷ்டம்னா கையெழுத்துப் போடுங்க" என்றார்கள்.

கடைசியில் நர்சம்மாதான் நாங்க வலை பின்னுகிற இடத்துக்கே வந்து மணலில் உட்கார்ந்து சொன்னார்: "கை ரெண்டு நாள் வலிக்கும். ஒரு வாரம் கழிச்சுச் சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். மாசமா இருக்கிற ஆரம்பத்துல ரூபெல்லா வந்தா வயித்துப் பிள்ளைக்குக் கண்ணு, காது, இதயம் கெட்டுரும்க்கா, அதுக்குத்தான்." கெட்டதையும் முன்கூட்டியே சொன்னாரே, அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. எட்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், நான் பதறவில்லை.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். ஊசிக்கு அப்படி யார் சொல்லிக்கொடுத்தது?

அப்புறம், அந்த ஆடியோவை எனக்கு அனுப்பியவர் எம்.ஏ. படித்தவர்.