வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம்

என் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் 40 நிமிடம் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் நடந்தார். ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் லாரி ஒன்று சேலையை உரசிக்கொண்டு போன அன்றோடு அது நின்றது. இப்போது மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் சாக்பீஸால் வரைந்த எட்டு. மழை பெய்தால் அழிந்துவிடும், ஆனால் எங்கள் ஊரில் மழைக்காக அழித்து எழுத வேண்டிய அவசியம் வருடத்தில் சில தடவைதான் வரும்.

அதனால், எங்கள் ஊருக்குச் சமுதாயப் பொழுதுபோக்கு மையம், பூங்கா, நடைபாதை எல்லாம் வரப்போகிறது, கருத்துக் கேட்கிறார்கள் என்றதும் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது அம்மாதான். "நிழல்ல ஒரு பெஞ்சு போடச் சொல்லு, போதும்" என்று சொல்லி அனுப்பினார். ஊர் எது என்று இங்கே எழுதவில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே சாயல்குடி வரை எந்த ஊரை வைத்துப் படித்தாலும் பொருந்தும் என்பதுதான் வருத்தம்.

உள்ளாட்சி நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில், சுவரில் பெரிதாக வரைபடம் மாட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாடிக் கட்டடம், ஏசி ஜிம், நீரூற்று, ஒரு ஏக்கருக்குப் புல்வெளி, கடலை ஒட்டி டைல்ஸ் பதித்த நடைபாதை, அதன் இருபக்கமும் வரிசையாக விளக்கு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்க ஒரு மேடை. நடைபாதை ஓரத்தில் மரங்கள். என்ன மரம் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பாட்டில் பனை! நம் மாவட்டத்தில், பனங்காட்டுக்கு நடுவில், கடையில் காசு கொடுத்து வாங்கிவந்து அலங்காரப் பனை வைக்கப் போகிறார்கள். நம்ம பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. அது காகிதத்தில் நிற்கிறது, இது வரைபடத்தில் நிற்கிறது.

நான் எதிர்ப்பாளர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பூங்கா வேண்டும். வயசுப் பிள்ளைகள் வாலிபால் ஆட விளக்குப் போட்ட மைதானம் வேண்டும். பெண்கள் யார் கண்ணும் உறுத்தாமல் நடக்க ஒரு பாதை வேண்டும். அந்த வரைபடம் வேறு எந்த ஊருக்கோ வரைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

புல்வெளியை எடுத்துக்கொள்வோம். நம் வெயிலுக்குப் புல் பச்சையாக நிற்க ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் ஊற்ற வேண்டும் என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர், தினமும். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருவுக்குப் பக்கத்தில். நிலத்தடியில் போர் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கடலோரத்தில் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும் என்று அவருக்கு யாராவது ஒரு டம்ளர் கொடுத்திருக்கலாம். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்ந்தால் நமக்கு அது செய்தி. இங்கே புல்லுக்கு ஆசைப்படக் கூடாது. மரத்துக்கு ஆசைப்படலாம். பூவரசு, புங்கை, வேம்பு, புன்னை, உடை மரம் எல்லாம் இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டால் பிறகு தானாக நிற்கும்.

அப்புறம் உப்புக் காற்று. வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது. திறந்தவெளியில் பெயின்ட் அடித்த இரும்புக் கருவிகளை வைத்தால் எத்தனை வருடம் தாங்கும்? பக்கத்து ஊரில் இப்படி வைத்த ஒரு ஊஞ்சலில் இப்போது சங்கிலி மட்டும் தொங்குகிறது. கடலோரத்துக்குத் துத்தநாகப் பூச்சுக் குழாய் வேண்டும், இல்லையென்றால் கல்லும் மரமும் போதும். கல் பெஞ்சுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் தேவையில்லை. கல் பெஞ்சை யாரும் திட்டத்தில் எழுதாததற்கு அதுவே காரணமோ என்று ஒரு சந்தேகம், சரி விடுங்கள்.

கூட்டத்தில் நன்றாகப் பேசியது ஒரு மீனவப் பெரியவர்தான். கடலோர நடைபாதையை அவர் விரலால் தொட்டுக் காட்டி, "இது எங்க வலை காயப்போடுற எடம் தாயி. டைல்ஸ்ல கருவாடு காயுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அதிகாரி இல்லை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் என்னிடம் கேட்டார். ஆனால் கேள்வி எல்லோருக்கும் விழுந்தது. வரைபடத்தில் காலி மணலாகத் தெரிகிற இடம் அவர்களுக்குத் தொழிற்கூடம். வத்தையை (நாட்டுப்படகை) ஏற்றுவது, வலை பின்னுவது, மீன் பிரிப்பது, கருவாடு போடுவது எல்லாம் அங்கேதான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறது, மணல்மேடும் ஆமை முட்டையிடும் இடமும் சதுப்புநிலக் காடும் அதில் உச்சபட்சப் பாதுகாப்பில் வருகின்றன. தனுஷ்கோடிப் பக்கம் தை, மாசியில் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும். குஞ்சு பொரித்து வந்தால் கடலின் மினுமினுப்பை நோக்கித்தான் ஊரும். நாம் வரிசையாக விளக்குப் போட்டு வைத்தால் அது நடைபாதையை நோக்கி வரும், காலையில் காக்கை கொத்தும். நிச்சயமாகப் பாதை வேண்டும் என்றால் கரையை விட்டு உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கோடு போடலாம். செலவும் குறைவு.

கடலோரத்தில் மக்களைக் கூட்டிப்போய் மகிழ்விக்கவே கூடாதா என்றால், கூடாது என்று நான் சொல்லவில்லை. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் காரங்காடு இருக்கிறதே. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு போடுகிறார்கள். ஊருக்குள் ஏற்கெனவே இருந்த காட்டையும் படகையும் வைத்தே செய்தார்கள். அங்கே போய் வந்தபோது என் மகன் கேட்ட ஒரே கேள்வி, "இது நம்ம மாவட்டமாம்மா?"

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மையம் மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்குமாம், திங்கள் விடுமுறையாம். யாருக்கான நேரம் இது? பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரம் மூன்று நாள், திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகின்றன, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இரவு முழுக்கக் கடலில் கிடந்து காலையில் கரை வருபவனுக்கு ஓய்வு நேரம் காலை பதினொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பையன்கள் ஊருக்கு ஊர் கபடி, வாலிபால் போட்டி நடத்துவார்கள். அந்த இரண்டு மாதம் எங்கள் கரையில் நிஜமான விளையாட்டுப் பருவம். திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண்களுக்கு வேறு கணக்கு. எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்தரைக்கும், பகல் சமையல் முடிந்த மூன்று மணிக்கும்தான் கை ஒழியும். மூன்று மணிக்கு வெயிலில் யார் வெளியே வருவார்கள்? நிழல் இருந்தால் வருவார்கள். கழிப்பறை பூட்டாமல் இருந்தால் வருவார்கள். பூங்காக் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடமும் வாட்ச்மேன் டீக்கடையிலும் இருக்கிற ஊர்களில் பெண்கள் பூங்காவுக்கு வருவதில்லை, இதற்கு ஆய்வெல்லாம் தேவையில்லை.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

மத்திய அரசின் 2014 நகர்த் திட்டமிடல் வழிகாட்டி, ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. ராமநாதபுரம் நகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 61,000. குறைந்தபட்சமான 10-ஆல் பெருக்கினால் 61 ஹெக்டேர், அதாவது 150 ஏக்கர். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு விரிந்துவிட்டது! 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, பட்டணம்காத்தான், சக்கரக்கோட்டைப் பக்கம் வீடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. 150 ஏக்கரை ஒரே இடத்தில் எந்த ஊரிலும் யாரும் தரப்போவதில்லை. துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடியும். அந்தத் துண்டுகளில் நிறைய ஏற்கெனவே நம்முடையவை.

மனை வாங்கியவர்கள் உங்கள் வீட்டு மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் பச்சைக் கட்டம் போட்டு 'பூங்கா' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ அதற்கீடான பணமாகவோ கொடுக்கலாம். அதற்கும் கீழே ஒன்றும் இல்லை, அதனால் முக்கால் ஏக்கருக்குள் துண்டுபோட்டுக் காட்டும் புத்திசாலிகளும் உண்டு. சாலை போக மூன்றரை ஏக்கர் என்றால் பூங்கா 35 சென்ட். இது புரமோட்டர் நமக்குச் செய்த தர்மம் இல்லை. அந்த 35 சென்ட்டின் விலையையும் சேர்த்துத்தான் மனைக்கு விலை போட்டான், நாம் கொடுத்தோம்.

எங்கள் மனைப்பிரிவில் அந்தக் கட்டம் என்ன ஆனது என்று தேட எனக்கு எட்டு மாதம் ஆனது. முதலில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, சீமைக் கருவேலம் மூடியிருந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முதல் பதில், "இது எங்கள் அலுவலகத்துக்கு உரியதன்று." இரண்டாவது பதில், "கோப்பு தேடப்படுகிறது." மூன்றாவதில் தானப்பத்திர நகல் வந்தது, பதிவு எண்ணோடு. இடம் பத்து வருடமாக எங்கள் உள்ளாட்சியின் பேரில் இருக்கிறது, உள்ளாட்சிக்கே அது தெரியாது! பூங்காவுக்கு நிலம் தேடிக் கூட்டம் போடுகிறவர்கள் அவர்கள்தான். சிரிப்பதா அழுவதா என்று புரியாமல் அந்த நகலை அம்மாவிடம் காட்டினேன். "எங்கடி இருக்கு, போய்ப் பார்ப்போம்" என்றார்.

ஒதுக்கிய பூங்காவை வேறு எதற்கும் திருப்ப முடியாதா என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள், அந்தப் பகுதி ஜனங்களே வழக்குப் போட்டார்கள், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனால் பூங்கா இடத்தில் வேண்டாம் என்று. அந்தத் தீர்ப்பை எங்கள் தெருச் சங்கத்து ஆட்கள் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே நான் கேட்டது இதுதான். பெரிய மையத்துக்கு முன்னால், ஊருக்குள் இருக்கும் எல்லாப் பூங்கா இடங்களையும் அளந்து கல் ஊன்றி, பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் வழியில் நடைபாதை போடுங்கள். வழி என்ன, ஊருணிக் கரைகளும், தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரமும்தான். ஒரு எச்சரிக்கை, குடிநீர் எடுக்கும் ஊருணியில் கரைக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. அதனால் பாதை கரைக்கு வெளியே கீழாகப் போக வேண்டும், ஷூ போட்டு நடப்பவர்களுக்காக ஊர்க் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது. சக்கரக்கோட்டைக் கண்மாய் மாதிரிப் பறவைகள் வரும் இடத்தில் (2025-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது) விளக்கே வேண்டாம், ஒலிபெருக்கி அறவே வேண்டாம்.

நடைபாதை நமக்கு ஒன்றும் புதிய சரக்கு இல்லை. ராமேசுவரத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் என்று ஊர்ப் பெயராகவே ஒரு சத்திரம் நிற்கிறது. நடப்பவருக்கு நிழலும் தண்ணீரும் தங்க இடமும் வேண்டும் என்று அப்போது தெரிந்திருக்கிறது.

மையம்? அதையும் கட்டட்டும். இரண்டு மாடி வேண்டாம். உயரமான ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் திறந்த ஒரு பெரிய கூடம், கடல் காற்றே ஏசி. பகலில் பெண்கள் தையலும் யோகாவும் நடத்தட்டும், மாலையில் பையன்கள் கேரம், சிலம்பம் என்று வரட்டும், புயல் எச்சரிக்கை வந்தால் கரையோரக் குடும்பங்கள் தங்கட்டும். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை மறந்த ஊர் இல்லை இது. கட்டுவதற்கு நிதி எந்தத் திட்டத்திலாவது வந்துவிடும். துடைப்பம் வாங்க, தோட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கூட்டத்தில் கேட்டேன். "அது அடுத்த கட்டம்மா" என்றார்கள்.

அடுத்த கூட்டம் வருகிறது. இதைப் படிக்கும் நம்ம பக்கத்துக்காரர்கள் மனைப்பிரிவு வரைபடத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, அந்தப் பச்சைக் கட்டம் இருக்கும் இடத்துக்கு ஒரு நடை போய், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் கீழே எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், சண்டையும் வேண்டாம், இடமும் அளவும் போதும். எல்லாவற்றையும் தொகுத்து எடுத்துப் போகிறேன்.

எங்களுடையதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். 35 சென்ட். ஒரு மின்மாற்றி, யாருடையது என்று தெரியாத இரண்டு மாடு, சீமைக் கருவேலத்துக்கு நடுவே தானாக முளைத்த மூன்று வேம்பு. அதில் ஒன்றின் நிழல் ஒரு பெஞ்சுக்குப் போதும், அம்மா அளந்து பார்த்துவிட்டார்.