குளியல் தொட்டியில் கன்று

(அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், கேசி ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணை. மார்ச் மாதம், இரவு இரண்டு மணி, வெளியே பனி. கணவன் வார இறுதிகளில் பாரில் கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, பாடுபவன். மற்ற நாட்களிலும் பாடுவான், கேட்க மாடுகள்தான்.)

மனைவி: விளக்கைப் போடு. தொட்டியில் கன்று இருக்கிறது.

கணவன்: மறுபடியுமா?

மனைவி: பிறந்ததும் பனியில் விறைத்துவிட்டது. வெந்நீரில் போட்டுத் துவட்டியாகிவிட்டது. இந்தச் சீம்பால் பாட்டிலைப் பிடி. சீக்கிரம் வயிற்றுக்குள் போனால்தான் பிழைக்கும்.

கணவன்: பிடித்தேன். அப்புறம்... கன்ட்ரி பாட்டின் தலைநகரம் நாஷ்வில்லில் பாட ஒரு வாய்ப்பு. அடுத்த வாரம்.

மனைவி: அடுத்த வாரம் தலையீற்றுக் கிடேரிகள் கன்று போட வரிசையாக நிற்கின்றன.

கணவன்: சரி, மே மாதம்?

மனைவி: கன்றுக்குச் சூடு போட அக்கம்பக்கமே வரும். சமைப்பது யார்?

கணவன்: ஜூலை?

மனைவி: புல் அறுப்பு.

கணவன்: அக்டோபர்?

மனைவி: கன்று ஏற்ற லாரி வரும். வருஷத்தில் நமக்குச் சம்பளம் வருகிற ஒரே நாள்!

கணவன்: டெக்சஸில் கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பண்ணையையும் பார்த்துக்கொண்டுதான் பாடினார். விட்டுவிடலாம் என்று இருந்தவரை, இன்னும் ஒரு வருஷம் பார் என்று சொன்னதே மனைவிதான். 1981-ல் வானொலியெல்லாம் அவர் குரல்!

மனைவி: டெக்சஸில் இந்தக் குளிர் ஏது? அங்கே கன்று குளியலறைக்கு வராது.

கணவன்: நம் ஊர் கிறிஸ் லெடூ? முரட்டுக் குதிரை ஏறும் ரோடியோ போட்டியில் 1976-ல் உலக சாம்பியன். ஐந்து பிள்ளைகள், பண்ணை, அதோடு பாட்டு.

மனைவி: ரோடியோவுக்குப் போகிற இடமெல்லாம் கேசட்டை வண்டியில் வைத்து விற்றவர். 1989-ல் கார்த் புரூக்ஸ் தன் பாட்டில் அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. உன் பெயர் எதில் வந்திருக்கிறது?

கணவன்: வங்கிக் கடிதத்தில்.

மனைவி: அதையும் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கணவன்: லெடூவுக்கு நம் ஊரில் சிலையே இருக்கிறது.

மனைவி: சிலையானால் ராத்திரி எழுந்து கிடேரி பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாயா? உன் புதுப் பாட்டில் என்ன வருகிறது? நிலவொளியில் என் மந்தையைக் காத்திருந்தேன் என்றுதானே? நேற்று நிலவு இருந்தது. குறட்டையும் இருந்தது.

கணவன்: அது கலை.

மனைவி: பாட்டிலைச் சாய்த்துப் பிடி, கலைஞரே. கன்றின் வயிற்றுக்குள் காற்று போகிறது.

கணவன்: சரி, நாஷ்வில் வேண்டாம். சனிக்கிழமை காஸ்பரிலாவது பாடிவிட்டு வருகிறேன். முத்துப் பொத்தான் வைத்த என் வெள்ளைச் சட்டை எங்கே?

மனைவி: கன்றை எதால் துவட்டினேன் என்று நினைக்கிறாய்?

கணவன்: ஐயோ!

மனைவி: அதற்குள் காய்ந்துவிடும். வாடைதான் போகாது. பண்ணைப் பாட்டுதானே பாடப் போகிறாய்? ஜனங்கள் நம்புவார்கள்.