ஃப்ரீ கேம்னா காசு போட்டவன்தான் ஜெயிப்பானா?

அண்ணே, "ஃப்ரீயா விடுற ஆன்லைன் கேம்ல காசு போட்டவன்தான் ஜெயிப்பான், முழு விலை கொடுத்து வாங்குற கேம்தான் நியாயமானது"ன்னு மேல எழுதியிருக்கீங்க, இது சரியில்ல.

டோட்டா 2ங்கிற டீம் சண்டை கேம எடுத்துக்குங்க, 2022ல நம்ம சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்துல அதோட உலகப் போட்டி ஃபைனல் நடந்துச்சே, அதே கேம்தான். டவுன்லோட் ஃப்ரீ, நாம ஆடுற ஹீரோ எல்லாமே ஆரம்பத்துலேர்ந்தே ஃப்ரீ, கேமுக்குள்ள இருக்குற கடையில விக்கிறதெல்லாம் டிரெஸ்ஸு, எஃபெக்ட்டு மாதிரி பார்வைக்குத்தான், 1000 வெள்ளி கொட்டினாலும் அடி ஒரு புள்ளி கூட ஏறாது. அந்தப் போட்டியோட பரிசுப் பணத்துலயே பெரும்பங்கு பிளேயருங்க பேட்டில் பாஸ்னு கேமுக்குள்ள விக்கிற பாஸ காசு குடுத்து வாங்குனதுலேர்ந்து போனதுதான்.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. 2017ல வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2, முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த கேம். அதுக்குள்ள லூட் பாக்ஸ் வேற, அதாவது திறந்தாதான் என்ன வருதுன்னு தெரியுற பெட்டி, அதுல வந்த கார்டு கேம்ல உங்க ஆள பலமாக்குச்சு. பிளேயருங்க கொதிச்சுப் போய், ரிலீஸுக்கு முதல் நாள் கம்பெனியே உள்ள காசு வாங்குறத நிறுத்தி வச்சது, அடுத்த வருஷம் பலத்த ஏத்துற மாதிரி எதுவும் இல்லாம வெறும் அலங்காரத்த மட்டும் விக்க ஆரம்பிச்சாங்க.

அதனால வாசல்ல காசு வாங்குறாங்களா இல்லையாங்கிறது வேற, உள்ள என்னத்த விக்கிறாங்கங்கிறது வேற. மாசச் சந்தா எனக்கும் பிடிக்கும், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம் 2004லேர்ந்து அப்படித்தான் ஓடுது, ஆனா அதுலயும் சந்தாவுக்கு மேல தனியா கடை இருக்கு. புள்ளைங்களுக்கு கேம் வாங்கித் தர்றவங்க இங்க நிறைய பேர் படிக்கிறாங்க, விலைய மட்டும் பாக்காம கேமுக்குள்ள இருக்குற கடைய ஒரு தடவ திறந்து பாத்துட்டு வாங்கச் சொல்லுங்கண்ணே.