எலும்பு கிடைத்த ஊருக்கே போய்ப் பாருங்கள்

டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளையோடு தாய்லாந்து போகிறீர்களா? பட்டாயா, மால் எல்லாம் இருக்கட்டும். இரண்டு நாளை மட்டும் வடகிழக்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் மேகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸில் இருக்கும் சவன்னகேத் வரை போய் வாருங்கள். கர்ஜிக்கிற பிளாஸ்டிக் டைனோசர் இல்லை, அசல் எலும்புகளையே அங்கே பார்க்கலாம்.

சவன்னகேத் டைனோசர் மியூசியம் மிகச் சிறியது. சில அறைகள், கண்ணாடிப் பெட்டிகள், அவ்வளவுதான். ஆனால் அங்கே இருப்பவை மூல மாதிரிகள். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த எலும்பை ஆதாரமாகக் காட்டுகிறார்களோ அதுதான் மூல மாதிரி. பிறகு உலகத்தில் யார் எங்கே அந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் இந்த எலும்போடுதான் ஒப்பிட்டாக வேண்டும். 1999-இல் பெயரிடப்பட்ட, நீண்ட கழுத்துள்ள டாங்வயோசாரஸ், 2012-இல் பெயரிடப்பட்ட இக்தியோவெனேட்டர் இரண்டின் மூல மாதிரிகளும் இந்த மியூசியத்தின் சேகரிப்பில் உள்ளவை. இக்தியோவெனேட்டர், முதலை மாதிரி நீண்ட வாய் கொண்ட இறைச்சி தின்னும் ஸ்பைனோசாரஸ் குடும்பம். முதுகெலும்பின் முட்கள் உயர்ந்து பாய்மரக் கப்பலின் பாய் மாதிரி நிற்கும். இடுப்புப் பக்கம் வரும்போது அந்தப் பாய் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரியும். அந்தக் குடும்பத்தில் வேறு எதற்கும் இப்படி இருப்பதாகத் தெரியவில்லை.

லண்டன் மியூசியத்தில் 1905 முதல் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த டிப்ளோடோகஸ் டைனோசர் எலும்புக்கூடு முழுக்க முழுக்க பிளாஸ்டர் வார்ப்பு, அதாவது அசலை அச்செடுத்துச் செய்த நகல். வார்ப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அதிலும் கற்கலாம். ஆனால் அசல் எலும்பு ஒரு சின்ன ஊரில் இருக்கும்போது அதைத் தேடிப் போகிறவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த எலும்புகள் அங்கே இருப்பதே பெரிய விஷயம். 1930-களில் ஹோஃபே என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் அந்தப் பகுதியில் எலும்புகளைக் கண்டெடுத்தார். அப்புறம் வந்தது வியட்நாம் போர்க்காலம். வட வியட்நாம் தன் படைகளுக்குப் பொருள் அனுப்பிய ஹோ சி மின் பாதை சவன்னகேத் மாநிலத்தின் வழியாகத்தான் போனது, குண்டுமழை பொழிந்த மண் அது. 1990-களில்தான் பிரெஞ்சுத் தொல்லுயிர் ஆய்வாளர் பிலிப் தாக்கேயின் குழு லாவோஸ்காரர்களோடு சேர்ந்து மறுபடி தோண்டியது. கிடைத்ததைப் பாரிஸிலேயே வைத்துக்கொள்ளாமல் சவன்னகேத்தில் வைத்தார்கள். அதற்காகவே அந்த ஊருக்கு ஒரு டிக்கெட் காசு கொடுக்கலாம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாய்லாந்தின் காலசின் மாநிலத்தில் பூ கும் காவ் என்று ஒரு குன்று இருக்கிறது. 1994-இல் அங்கே எலும்புகளைக் கவனித்துச் சொன்னவர் பக்கத்து விகாரையின் தலைமைத் துறவி. தோண்டிப் பார்த்தால் ஆறேழு நீண்ட கழுத்து டைனோசர்கள் ஒரே இடத்தில் கிடந்தன. பல எலும்புகளை எடுக்காமல் மண்ணிலேயே விட்டு மேலே கட்டிடம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள சிரிந்தோன் மியூசியம் பெரியது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் என் ஓட்டு இந்தக் குழிக்குத்தான். தொடை எலும்பும் விலா எலும்பும் கலைந்து கிடப்பதைப் பார்க்கும் பிள்ளை, இது எந்த எலும்பு, ஏன் இப்படித் திரும்பிக் கிடக்கிறது என்று தானாகவே கேட்கத் தொடங்கும். நிமிர்த்தி நிறுத்திய எலும்புக்கூடு அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

நம் அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸுக்கு 1987-இல் பெயர் வைத்தார்கள். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். இதைத் தெரிந்துகொண்டு சவன்னகேத் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றால் மனசு வலிக்கும்.

போகிறவர்களுக்கு: தாய்லாந்துக் கரையில் உள்ள முக்தாஹான் ஊரிலிருந்து மேகாங் மேல் உள்ள நட்புப் பாலம் வழியாகப் பஸ்ஸிலேயே சவன்னகேத் போகலாம். லாவோஸ் விசாவோடு, தாய்லாந்துக்குள் திரும்பி வர உங்கள் விசா அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மியூசியத்தில் விளக்கப் பலகைகளை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். கூட்டம் இல்லாத இடம், நேரம் ஒதுக்கிப் பேசுவார்கள்.