நனைந்த தரைக்குக் கூரைத்துணிதான் காரணமா?

மடக்குக்கூரை காருக்குள் மழைநீர் வந்தால் துணி கிழிந்துவிட்டது, புதுக்கூரைதான் போட வேண்டும் என்ற செய்தி இங்கே பரவுகிறது. அப்படி முடிவுகட்ட வேண்டாம், நண்பர்களே. துணி முழுதாக இருந்தாலும் நீர் உள்ளே வரும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் கூரையின் பின்விளிம்பில் வழியும் மழைநீரை ஒரு வடிகால் பள்ளம் வாங்கி, இருபுறக் குழாய்கள் வழியே காருக்கு அடியில் விடுகிறது. குழாய் அடைத்தால் நீர் இருக்கைகளுக்குப் பின்னால் வழியும். தனுஷ்கோடி சாலையில் பறக்கும் மணலும், நம் ஊரெங்கும் உதிரும் சீமைக்கருவேலத்தின் பொடி இலையும் அடைப்பதற்குப் போதும்.

நீங்களே சோதிக்கலாம். கூரையை மூடி, பின்விளிம்பு ஓரத்தில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றுங்கள், இருபுறமும் தனித்தனியாக. பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நீர் வடிந்தால் அந்தக் குழாய் திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பு, வளையும் பிளாஸ்டிக் நரம்பை மெல்ல விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். அதன்பிறகும் கசிந்தால் மட்டும் துணியையும் ரப்பரையும் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுங்கள். ஊறிய கம்பளத்துக்கு அடியில் இரும்பு துருப்பிடிப்பது வெளியே தெரியாது.